ஒரே ஏட்டுக்குப் பல பிரதிகள்

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் மீனை நிறுத்து எழுதும் கணக்குக் கொப்பிக்குக் கூட்டாளிகள் இருவர் தனித்தனிப் பிரதி வைத்திருந்து, ஒருவர் திருத்திய வரியை மற்றவர் அறியாதிருந்தால், பின்னேரம் பங்கு பிரிக்கும் வேளையில் சச்சரவு எழாமல் இராது. பல கணினிகள் ஒரே வட்டைப் பகிர்ந்தாளும் கோப்பு முறைமைகளுக்கு நேரும் சங்கடமும் ஏறக்குறைய இத்தகையதே.

கோப்பின் அளவு, உடைமையாளர், அனுமதி, தரவு வட்டில் தங்கியுள்ள இடம் ஆகியவற்றைத் தாங்கிய சிறு குறிப்பை ஐநோட் என்பர். கோப்பின் பெயர் மட்டும் அதில் இராது. இந்த ஐநோட்டை ஒவ்வொரு தடவையும் வட்டிலிருந்து எடுப்பது தாமதமாகையால், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் ஒரு பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்ற ஓ.சி.எஃப்.எஸ்.2, ஜி.எஃப்.எஸ்.2 ஆகிய பகிர்வட்டுக் கோப்பு முறைமைகள் இரண்டும், ஒரு கணினி எழுத முற்படுகையில் ஏனையவை தம் பிரதியைக் கைவிடும்படி பூட்டுகளால் நியமம் செய்கின்றன.

நினைவகத்தைப் பெருக்கினாலே வேகம் வந்துவிடும் என்னும் அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. பூட்டுக் கைமாறியதும் சேமித்த பிரதிகள் எத்தனையாயினும் வீணே. கோப்பை வாசித்த நேரத்தைப் பதியும் பழைய வழக்கம், வெறுமனே வாசிக்க வந்த கணினியையும் எழுதும் கணினியாக்கி, பூட்டை அங்குமிங்கும் அலைக்கழிக்கிறது. ஜி.எஃப்.எஸ்.2ஐ இணைக்கும்போதே 'நோஎடைம்' என்று குறித்து அதைத் தவிர்க்கலாம். கெர்னல் இயக்கி எழுதுவோரும் இத்தகைய அநாவசியப் பூட்டுக் கோரிக்கைகளையே முதலில் களைய வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் மொறட்டுவையிலும் கணினி பயிலும் நம் மாணவர், இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு, இம்முறைமைகளில் ஒன்றை இட்ட ஒரே வட்டைக் கொடுத்து, இரண்டிலும் ஒரே கோப்புறையில் எழுதிப் பார்க்கட்டும். இவ்விரு முறைமைகளின் மூலநிரலும் எவர்க்கும் திறந்தே இருக்கிறது.