மன்னார் இளைஞரின் சுயதொழிலும் கடன் சுமையும்

மன்னார் இளைஞர், யுவதிகள் அரச உத்தியோகத்துக்குக் காத்திராது சுயதொழிலில் இறங்க வேண்டும் என்ற அறிவுரை மேடைதோறும் ஒலிக்கின்றது. அதில் தவறில்லை. ஆனால், கடன் வழங்குவதையே ஊக்குவிப்பாகக் கருதும் போக்கை நாம் ஏற்பதற்கில்லை. யுத்தத்தின் பின்னர் சுயதொழிலின் பெயரால் வடக்கில் வாரித் தரப்பட்ட நுண்நிதிக் கடன்கள் பெண்களை எந்நிலைக்குத் தள்ளின என்பதை நாடறியும். 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களின் சுமையை அரசே ஏற்க முன்வர வேண்டியதாயிற்று.

மன்னாரில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. நண்டும் கருவாடும் பனையும் உண்டு. 2015 இல் தலைமன்னார் வரை ரயிலும் மீண்டும் வந்தது. எனினும், குளிரறை வசதி இல்லாதவர், வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே நண்டை விற்கின்றார். வலையில் முதலிட்டவரோ, அத்துமீறும் இந்திய இழுவைப் படகுகளிடம் அதைப் பறிகொடுத்தால் எஞ்சுவது கடன் மட்டுமே. 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய முஸ்லிம்களிலும், தமிழக முகாம்களிலிருந்து மீண்டோரிலும் காணி உறுதி இல்லாதோருக்கு வங்கியின் வாசலே தூரம்.

ஆகவே, பொதுக் குளிரறை, பொதியிடும் கூடம், தரச்சான்றிதழுக்கான வழிகாட்டல் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் முதலில் ஏற்படுத்தித் தரட்டும். கடன் தேவைப்படின், அதன் முதல் தவணை ஒரு மீன்பிடிப் பருவம் கடந்த பின்னரே அறவிடப்பட வேண்டும்.