தட்டினால் திறக்குமா மனக்கதவு?

யேர்மனியின் ரூர் பகுதியில் அமைந்துள்ள கெல்சென்கிர்ச்சன் ஒரு காலத்தில் "ஆயிரம் தீச்சுடர்களின் நகரம்" என்று அழைக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த அந்நகரில் இன்று ஒரு சுரங்கமேனும் இயங்கவில்லை. ஊகோ சுரங்கம் 2000ஆம் ஆண்டிலும், வெஸ்ரர்கோல்ற் சுரங்கம் 2008ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. நாட்டின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமும் 2018 டிசம்பரில் அயல்நகரான பொற்றொப்பில் மூடப்பட்டது. ஆயினும் நிலத்தின் கீழே வேலை முடிந்துவிடவில்லை. பல தலைமுறைகளாகத் தோண்டப்பட்டதால் நிலம் பல மீற்றர்கள் தாழ்ந்துவிட்டது. நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தால் பெரும் நிலப்பரப்பு நீரில் மூழ்கிவிடும். எனவே, காலமெல்லாம் நீரை இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். யேர்மனியர் இதனை "நிரந்தரக் கடமை" என்கின்றனர். இதற்கான செலவைப் பொறுப்பேற்பதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

போரும் அத்தகையதே. குண்டுச்சத்தம் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்தாலும் மனத்தின் அடியில் நீர் ஊறிக்கொண்டேயிருக்கின்றது. வேறுபாடு ஒன்றுதான்: சுரங்க நீரை இறைக்க ஒரு நாடே திட்டமிட்டது, புலம்பெயர்ந்த தமிழரின் மனத்துயரை இறைக்க எவரும் திட்டமிடவில்லை.

இத்துயரின் அளவை ஆய்வுகள் ஓரளவு எடுத்துக்காட்டியுள்ளன. 2009இல் யாழ் மாவட்டத்தில் 1517 குடும்பங்களிடையே மேற்கொள்ளப்பட்டு, 2011இல் வெளியான ஆய்வொன்றின்படி, நூற்றுக்கு 7 பேர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளையும், ஏறத்தாழ 22 பேர் மனச்சோர்வின் அறிகுறிகளையும், ஏறத்தாழ 33 பேர் பதகளிப்பின் அறிகுறிகளையும் கொண்டிருந்தனர். கடல் கடந்தவர்கள் இதிலிருந்து தப்பிவிட்டனர் என்று எண்ணுவதும் தவறாகும். கனடாவின் ரொறன்ரோ நகரத் தமிழரிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 12 பேர் மனவடு நோயால் பாதிக்கப்பட்டிருந்ததாகத் தெரிவித்தது.

கெல்சென்கிர்ச்சன் போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் இத்துயர் வேறு பெயர்களில் வாழ்கின்றது. தந்தைக்கு நித்திரை வருவதில்லை. தாய்க்கு ஓயாத தலையிடி. நெஞ்சு படபடக்கின்றது, மருத்துவர் இதயத்தைச் சோதித்து ஒன்றுமில்லை என்கின்றார். ஆண்டிறுதி நள்ளிரவில் நகரமே வாணவேடிக்கையில் மகிழும்போது, யன்னல்களை மூடிவிட்டு உள்ளறையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் உண்டு. உலங்குவானூர்தி தாழப் பறந்தால் உணவு மேசையில் பேச்சு நின்றுவிடும். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்க்கின்றனர். ஏன் என்று கேட்டால், "ஒன்றுமில்லை, நீ படி" என்ற பதிலே கிடைக்கின்றது. துயர் சொல்லாக வெளிவராதபோது உடல்நோவாக வெளிவரும் என்பதை, யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் எழுத்துக்களில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

இந்த வெற்றிடத்திலேதான் "தட்டல் முறை" எனப்படும் பயிற்சி தமிழ்க் குடும்பங்களையும் வந்தடைந்துள்ளது. காணொளிகளும் வார இறுதிப் பட்டறைகளும் அதனைப் பரப்புகின்றன. அது பயனுள்ளதா, வெறும் மயக்கமா என்பதைப் பெற்றோரும் இளையோரும் நிதானமாக எடைபோட வேண்டும்.

இம்முறையின் தொடக்கம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. றொஜர் கலகன் என்னும் உளவியலாளர், நீரைக் கண்டு கடுமையாக அஞ்சிய பெண்ணொருவரின் கண்ணுக்குக் கீழே தட்டச் செய்தபோது அச்சம் தணிந்ததாகக் கூறி, 1980களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அவரிடம் பயின்ற பொறியியலாளரான கரி கிறெய்க் 1990களில் அதனை எளிமையாக்கி, "உணர்வு விடுதலை நுட்பம்" என்ற பெயரில் பரப்பினார். யேர்மனியில் கனோவரைச் சேர்ந்த மனநல மருத்துவர் மிக்காயேல் போனே, "ஆற்றல் ஓட்டம்" முதலிய விளக்கங்களைத் தவிர்த்து, உடலையும் மனத்தையும் இணைக்கும் பயிற்சியாக இதன் ஒரு வடிவத்தை வளர்த்துள்ளார்.

செய்முறை எளிதானது. மனத்தை வருத்தும் ஒன்றை எண்ணி, அதன் கடுமையை 0 முதல் 10 வரையான எண்ணால் முதலில் அளந்துகொள்ள வேண்டும். பின்னர் சின்னிவிரலுக்குக் கீழுள்ள கைவிளிம்பைத் தட்டியவாறு, "இந்தப் பதைப்பு என்னிடம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின் இரு விரல்களால் உச்சந்தலை, புருவத்தின் தொடக்கம், கண்ணின் வெளியோரம், கண்ணுக்குக் கீழுள்ள எலும்பு, மூக்கிற்கும் மேலுதட்டிற்கும் இடைப்பட்ட இடம், நாடி, காறையெலும்பின் கீழ்ப்பகுதி, அக்குளுக்குச் சற்றுக் கீழே என ஒவ்வோரிடத்திலும் ஏழு முறை வரை மெல்லத் தட்ட வேண்டும். இறுதியில் ஆழ்ந்து மூச்செடுத்து, கடுமையை மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சில நிமிடங்களே தேவைப்படும்; செலவு எதுவுமில்லை.

உடலின் வழியே மனத்தைத் தேற்றுவது தமிழருக்குப் புதியதன்று. பிள்ளையார் முன் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்வதும், இழவு வீட்டில் மார்பிலடித்து ஒப்பாரி சொல்வதும், அழும் குழந்தையின் முதுகைத் தட்டித் துயிலவைப்பதும் தலைமுறைகள் அறிந்தவை. பேராசிரியர் சோமசுந்தரமும் மூச்சுப்பயிற்சி, மந்திரம் அல்லது செபம் உச்சரித்தல், சாந்தியாசனம் முதலியவற்றை அவரவர் சமயத்திற்கேற்ப உளநலப் பணியில் பயன்படுத்தினார். இதனைக் கொண்டு "அமெரிக்கர் கண்டதை முன்னோர் அன்றே கண்டனர்" என்று பெருமை பேசத் தேவையில்லை. தொடுகையும் மூச்சும் ஒழுங்கான அசைவும் மனிதரை அமைதிப்படுத்துகின்றன என்பது எல்லா மக்களுக்கும் பொதுவான அறிவேயாகும்.

ஆனால் தட்டலின் பெயரால் சொல்லப்படும் அனைத்தும் உண்மையல்ல. குறிப்பிட்ட புள்ளிகளைத் தட்டுவதால் உடலின் ஆற்றல் வழிகளிலுள்ள அடைப்பு நீங்குகின்றது என்பதே அதன் அடிப்படைக் கூற்று. 2003இல் வெளியான கனேடிய ஆய்வொன்று இதனைச் சோதித்தது. 119 பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் உரிய புள்ளிகளைத் தட்டினர். மற்றொரு குழுவினர் வேறிடங்களைத் தட்டினர். மூன்றாவது குழுவினர் ஒரு பொம்மையைத் தட்டினர். நான்காவது குழுவினர் எதையும் தட்டவில்லை. தட்டிய மூன்று குழுக்களிலும் அச்சம் ஒரேயளவிற்குக் குறைந்தது. தட்டாத குழுவில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே பயன் புள்ளிகளில் இல்லை. அச்சத்தை நேரே நோக்கியவாறு உடலை ஒரு செயலில் ஈடுபடுத்துவதில் இருக்கின்றது எனக் கொள்ளலாம்.

இம்முறைக்கு ஆதரவான ஆய்வுகளும் உள. அமெரிக்காவில் 59 முன்னாள் படைவீரரிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஆறு அமர்வுகளின் பின் பெரும்பாலானோரின் மனவடு அறிகுறிகள் தணிந்திருந்தன. எனினும், அங்கு ஒப்பிடப்பட்டவர்கள் வேறொரு சிறந்த உளச்சிகிச்சையைப் பெற்றவர்களல்லர், தட்டலுக்காகக் காத்திருந்தவர்கள். ஆய்வை நடத்தியவர்களும் அம்முறையின் ஆதரவாளர்களே. எனவே, தட்டல் உதவக்கூடும் என்று சொல்லலாம்; நிலைநாட்டப்பட்ட சிகிச்சைகளுக்கு ஈடானது என்று சொல்லவியலாது.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான சான்றொன்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போராலும் கடலாலும் பாதிக்கப்பட்ட 31 சிறுவர்களுக்கு இரு முறைகளில் உளவுதவி வழங்கப்பட்டது. யேர்மனிய உளவியலாளரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்களே அதனை நடத்தினர். ஒரு பகுதிச் சிறுவர், தம் வாழ்வை நிகழ்ந்த ஒழுங்கில் சொல்லிச் சொல்லிப் பதிவுசெய்தனர். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், மற்றையதில் 71 பேரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். 2009இல் வெளியான இச்சிறிய ஆய்வில் எவ்வுதவியும் பெறாத குழுவொன்று ஒப்பிடப்படவில்லை. ஆகவே காலம் தானே ஆற்றிய பங்கும் இதில் இருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவாகின்றது. தாய்மொழியில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, ஒழுங்காகச் செய்யப்பட்ட எளிய பணி பிள்ளைகளுக்குத் துணைநின்றது. அங்கு மாயப்புள்ளிகள் எவையும் தேவைப்படவில்லை.

இதிலிருந்து வரும் முடிவு இதுவே: தட்டல் ஓர் ஊன்றுகோல்; அதனை மருந்தென்று விற்கவும் கூடாது, மூடநம்பிக்கையென்று எறியவும் கூடாது. நித்திரை வராத இரவிலும், தேர்வுக்கு முந்திய பதைப்பிலும், வாணவெடிச் சத்தத்தில் நெஞ்சு அதிரும்போதும் அது கைகொடுக்கலாம். ஆனால் சித்திரவதை, உறவினரின் சாவு, பாலியல் வன்முறை போன்ற கொடிய நினைவுகளைத் தனியே கிளறித் தட்டிப்பார்ப்பது ஆபத்தானது. மூடிவைத்திருந்தவை ஒரேயடியாகப் பொங்கியெழுந்தால் தாங்கிப்பிடிக்க அருகில் ஆளிருக்க வேண்டும். தட்டலைத் தொடங்க விரும்புவோர் அன்றாடச் சிறு கவலைகளோடு தொடங்குவதும், மனம் மேலும் கலங்கினால் உடனே நிறுத்திவிடுவதும் நன்று.

வணிகத்தையிட்டும் விழிப்பு வேண்டும். யேர்மனியில் "உளச்சிகிச்சையாளர்" என்ற பட்டம் 1999 முதல் சட்டத்தால் காக்கப்பட்டுள்ளது. "தட்டல் பயிற்றுநர்" என்ற பெயருக்கு அத்தகைய காப்பு இல்லை. சில நாட்பயிற்சியோடு எவரும் அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். ஒரே அமர்வில் மனவடு மாறும் என்போரையும், மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்வோரையும் விட்டு விலகுவதே அறிவுடைமையாகும். இலவசமாகக் கற்கக்கூடிய ஒன்றுக்காகக் குடும்பத்தின் சேமிப்பைக் கொட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. மறுபுறம், கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்னும் மனவடுச் சிகிச்சையை யேர்மனிய அறிவியல் ஆலோசனைக் குழு 2006இல் ஏற்றுக்கொண்டது; 2014ஆம் ஆண்டின் முடிவைத் தொடர்ந்து, வளர்ந்தோரின் மனவடு நோய்க்கான உளச்சிகிச்சையில் அதன் செலவைப் பொது மருத்துவக் காப்புறுதியும் ஏற்கின்றது. சந்தா செலுத்தும் தமிழர் பலர் இவ்வுரிமையை அறியாமலே இருக்கின்றனர்.

தடையாக நிற்பது பெரும்பாலும் மொழியே. தமிழறிந்த உளச்சிகிச்சையாளர் மிகச் சிலர். மொழிபெயர்ப்பாளரின் செலவைப் பொதுக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. இதனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பெற்றோருக்காக மருத்துவர் முன் மொழிபெயர்க்கின்றனர். தந்தை சிறையில் பட்ட அடியை அவருடைய மகளே யேர்மன் மொழியில் சொல்ல நேர்வது எவ்வளவு கொடுமை! அப்பிள்ளையின் மனத்தில் அது புதியதொரு வடுவாகப் பதியும். தந்தையோ மகளின் முகத்தைப் பார்த்து உண்மையில் பாதியை விழுங்கிவிடுவார். அங்கு சிகிச்சையும் இல்லை, காப்பும் இல்லை. எத்தகைய நெருக்கடியிலும் பிள்ளைகளை இப்பணிக்கு அழைக்கக் கூடாது.

வழிகள் இல்லாமலில்லை. 116117 என்ற இலக்கத்தை அழைத்து, குடும்ப மருத்துவரின் கடிதமின்றியே உளச்சிகிச்சையாளருடனான முதற்சந்திப்பைக் கேட்டுப் பெறலாம். கெல்சென்கிர்ச்சனுக்கு அண்மையிலுள்ள போகும் நகரில், அகதிகளுக்கான மருத்துவ உதவி அமைப்பு 1997 முதல் இயங்கிவருகின்றது. மனம் திறந்து பேச விரும்பும் சிறுவரும் இளையோரும் 116111 என்ற இலக்கத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 112ஐ அழைக்க வேண்டும்.

தமிழாலயங்களுக்கும் ஆலயங்களுக்கும் சங்கங்களுக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு. கலைவிழாவிற்கு மண்டபம் எடுக்கத் தெரிந்த சமூகத்திற்கு, மாதம் ஒருமுறை உளவளத்துணையாளர் ஒருவரை அழைத்து ஓர் அறையை ஒதுக்குவது கடினமன்று. தமிழும் யேர்மன் மொழியும் அறிந்த இளையோரை முறையாகப் பயிற்றி, வேற்றுக் குடும்பங்களுக்கு மொழித்துணையாக அனுப்பலாம். "விசர்" என்ற சொல்லால் ஒருவரை ஒதுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். உளவியலாளரிடம் போவோரைப் பழிக்கும் நாவே பல குடும்பங்களின் வாயை அடைத்துள்ளது.

யேர்மனியருக்கும் இவ்வனுபவம் உண்டு. கெல்சென்கிர்ச்சன் நகரே 1944 நவம்பர் 6ஆம் நாள் எழுநூறுக்கு மேற்பட்ட பிரித்தானிய வானூர்திகளின் தாக்குதலுக்கு உள்ளானது. அக்காலச் சிறுவர்கள் முதுமையடைந்த பின்னரே தம் கதையைப் பேசத் தொடங்கினர். எழுத்தாளர் சபீன போட 2004இல் அவர்களைப் பற்றியும், 2009இல் அவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். போரையே காணாத பிள்ளைகளும் பெற்றோரின் மௌனத்தைச் சுமந்தனர் என்பது அந்நாட்டின் பொதுப்பேச்சாக மாற அறுபது ஆண்டுகள் பிடித்தன.

தமிழ்ப் பெற்றோர் அத்தனை காலம் காத்திருக்கலாகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டுமென்பதில்லை. "அந்தச் சத்தம் கேட்டால் அப்பாவுக்குப் பழைய நினைவு வரும், அதற்கு நீ காரணமில்லை" என்ற ஒரு வாக்கியமே பிள்ளையின் தோளிலிருந்து பெருஞ்சுமையை இறக்கிவிடும். பிள்ளைகளும் துருவித்துருவிக் கேளாமல், கேட்பதற்கு அணியமாக அருகில் இருந்தாலே போதும். விரல் நுனியால் உடலைத் தட்டுவோர் தட்டட்டும்; அது ஒரு தொடக்கமே. மனக்கதவை உள்ளிருந்து திறப்பது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொந்த மொழியில் சொல்லப்படும் சொல்லேயாகும்.