பூச்சியம் என்னும் பொய்க் கணக்கு

எண்கள் பொய்யுரைக்கா என்பது பொதுவான நம்பிக்கை. சட்டம் இடமளிக்குமாயின் எண்ணும் பொய்யுரைக்கும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவுப் பொதிகள் சான்றாயின.

தாவர எண்ணெயைத் திண்மமாக்கும் முறையை ஜேர்மானிய இரசாயனவியலாளர் வில்ஹெல்ம் நோர்மன் 1901 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நிக்கல் ஊக்கியின் துணையுடன் எண்ணெயினுள் ஐதரசனைச் செலுத்துமிடத்து, நிரம்பாத கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளிற் சில நிரம்பிவிடுகின்றன. எஞ்சியவற்றிற் சில உருத்திரிகின்றன. ஒலெயிக் அமிலமும் எலெயிடிக் அமிலமும் அணுக்களின் தொகையில் ஒன்றே. எனினும், வளைந்த சங்கிலியுடைய முன்னையது ஏறத்தாழ 14 பாகை செல்சியசில் உருக, நிமிர்ந்த சங்கிலியுடைய பின்னையது உருகுவதற்கு ஏறத்தாழ 44 பாகை வேண்டும். இந்நிமிர்ந்த சமபகுதியமே திரான்ஸ் கொழுப்பமிலமாகும். மலிவும் நெடுநாட் கெடாமையும் வணிகரைக் கவர்ந்தன. 1911 இல் கிறிஸ்கோ சந்தைக்கு வந்தது.

இவ்வமிலங்கள் மனித இழையங்களிற் படிந்திருப்பதை பிரெட் கும்மெரோவும் அவர்தம் குழுவினரும் 1957 இல் வெளியிட்டனர். அது தீங்கினை நிறுவிய சான்றன்று என்பது உண்மையே. ஆயின், இவை தீய கொலஸ்திரோலை உயர்த்தி நல்ல கொலஸ்திரோலைக் குறைக்கின்றன என 1990 இல் நெதர்லாந்து ஆய்வாளர் மென்சிங்கும் கட்டானும் காட்டிய பின்னர், அறியாமையைச் சாட்டாகக் கூற எவருக்கும் உரிமையில்லை.

2003 இல் டென்மார்க், கொழுப்பின் 100 கிராமுக்கு 2 கிராம் என வரம்பிட்டது. அமெரிக்காவோ 2006 முதல் பொதியில் அளவைப் பொறிக்குமாறு மட்டுமே விதித்தது. அவ்விதியிலும், ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாயின் பூச்சியம் எனப் பொறிக்கப்பட்டது. 0.4 கிராம் கொண்ட பரிமாறல்கள் ஐந்தினை உண்பவன் 2 கிராமை உட்கொள்கிறான். அவன் கையிலுள்ள பொதியின் கணக்கிலோ ஐந்து பூச்சியங்களின் கூட்டுத்தொகை பூச்சியமே! நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள உச்ச வரம்பு ஏறத்தாழ 2.2 கிராம் என்பது இங்கு கருதற்பாலது.

“தகவல் தரப்பட்டது, தெரிவு நுகர்வோருடையது” என வாதிடுவோர் உளர். பொய்யான தகவலின்மீது எழும் தெரிவு தெரிவாகுமா? மலிவானதையே வாங்க வல்ல ஏழைத் தொழிலாளிக்குத் தெரிவு என்பதுதான் ஏது?

கும்மெரோ தமது 94 ஆவது வயதில், 2009 இல், தடை கோரி அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்துக்கு மனுச் செய்தார். பதில் வாராமையால் 2013 இல் வழக்குத் தொடுத்தார். பகுதியாக ஐதரசனேற்றிய எண்ணெய்கள் பாதுகாப்பானவையெனக் கொள்ளத்தக்கன அல்லவென 2015 இல் தீர்மானிக்கப்பட்டு, 2018 இல் அது நடைமுறைக்கு வந்தது. அதனைக் காணாமலே 2017 இல் அவர் மறைந்தார்.

இதனை விஞ்ஞான பீடத்தாரின் விடயமென ஒதுக்குதல் தவறாகும். சங்கிலியின் வளைவை நிமிர்த்தியது இரசாயனம், 0.4 ஐப் பூச்சியமாக்கியது அரசியல். முன்னையதை ஆய்வுகூடத்தில் அறியலாம். பின்னையதைக் கேள்விக்குள்ளாக்குவது கற்றோர் அனைவரதும் கடனாகும்.