அரங்கமே விதியாகும்போது

லண்டனைச் சேர்ந்த மீடியாடானிக் நிறுவனம் உருவாக்கிய 'ஃபவுல் பிளே' என்ற பக்கவாட்டு அடிதடி விளையாட்டு 2013 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் கணினிக்கும் வெளிவந்தது. இதே நிறுவனம்தான் 2020இல் 'ஃபால் கைஸ்' மூலம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முந்தைய இந்தச் சிறிய படைப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் வடிவமைப்பாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது.

விக்டோரியா காலத்துப் பேய்வேட்டைக்காரரான டாஷ்ஃபோர்த் பிரபு, தம் வாழ்க்கைச் சாகசங்களை மேடை நாடகமாக நடத்திக் காட்டுகிறார். உதவியாளர் ஸ்காம்ப்விக்கை இரண்டாவது ஆட்டக்காரர் இயக்கலாம். எதிரே வரும் பேய்களும் அரக்கர்களும் வேடமிட்ட நடிகர்களே. அடிபட்டு விழுந்தவர் மேடையை விட்டுத் தவழ்ந்து வெளியேறுகிறார். மேடைப் பணியாளர்கள் கண்ணில் படுகிறார்கள். பின்னணித் தட்டிகள் ஆட்டக்காரரின் கண்ணெதிரிலேயே மாறுகின்றன. திரையின் அடியில் பார்வையாளர் கூட்டம் அமர்ந்திருக்கிறது.

பக்கவாட்டு அடிதடி விளையாட்டுகள் ஆர்கேடுகளில் வளர்ந்தவை. 'டபுள் டிராகன்' (1987), 'ஃபைனல் ஃபைட்' (1989) போன்றவற்றில் உயிர்ப்பட்டை தீர்ந்தால் அடுத்த நாணயத்தைப் போட வேண்டும். தோல்வியே அங்கு வருமானம். ஆட்டம் வீட்டுக் கன்சோலுக்கு வந்து நாணயம் மறைந்த பிறகும் உயிர்ப்பட்டை மட்டும் பழக்கத்தால் தங்கிவிட்டது.

'ஃபவுல் பிளே' அதை எடுத்துவிட்டது. அந்த இடத்தில் பார்வையாளரின் மனநிலையைக் காட்டும் பட்டை வந்தது. எதிரி கையை ஓங்கும்போது அவர் தலைக்கு மேல் குறி ஒன்று தோன்றும். அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடி தடுக்கப்படும். அவரையே தூக்கி மற்றவர்கள் மீது எறியலாம். காம்போ, அதாவது இடைவிடாத அடித்தொடர், நீள நீள அரங்கு ஆர்ப்பரிக்கும். அடி வாங்கினால் காம்போ அறுந்து உற்சாகம் வடியும். அது முற்றிலும் வற்றினால் காட்சி நின்றுவிடும்.

இந்த ஒரு மாற்றம் ஆட்டக்காரரின் நடத்தையையே மாற்றுகிறது. ஒரு குத்து விட்டு ஒதுங்கிக்கொள்வது மற்ற அடிதடி விளையாட்டுகளில் பாதுகாப்பான உத்தி. இங்கே ஒதுங்கினால் காம்போ போய்விடும். துணிந்து நடுவில் நின்று, தாக்குதலை வரவேற்றுத் திருப்புபவருக்கே கைத்தட்டல். பிழைத்திருப்பது போதாது, பார்ப்பவரை மகிழ்விக்க வேண்டும் என்ற நாடகக் கலையின் அடிப்படையை இந்த விளையாட்டு வசனத்தில் சொல்லாமல் விதியாகவே வைத்துவிட்டது.

அதே 2013இல் வெளிவந்த 'பேட்டில்பிளாக் தியேட்டர்' விளையாட்டிலும் அரங்கம் உண்டு. சிறைபிடிக்கப்பட்டவர்கள் பூனைகளின் முன் உயிரைப் பணயம் வைத்து நடிக்கிறார்கள். நகைச்சுவையிலும் துல்லியமான தாவல்களிலும் சிறந்த படைப்பு அது. ஆயினும் அரங்கத்தை எடுத்துவிட்டு வேறொரு கதையை வைத்தாலும் அதன் தாவல்களும் புதிர்களும் அப்படியே இயங்கும். 'ஃபவுல் பிளே'யில் அரங்கத்தை எடுத்தால் வெற்றி தோல்விக்கே பொருள் இல்லாமல் போகும்.

குறைகளும் உண்டு. சண்டை நுட்பங்கள் விரைவிலேயே முழுதாகக் கைவந்துவிடுகின்றன. பிந்தைய அங்கங்களில் எதிரிகளின் வேடம் மாறும் அளவுக்கு அவர்களின் தாக்கும் முறை மாறுவதில்லை. தடுக்கும் கணத்தைப் பழகிக்கொண்டவருக்குத் தோல்வி பயமும் குறைந்துவிடுகிறது. ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் எந்தப் பார்வையாளரும் சலித்துப்போவார் என்பதைத் தன் அரங்கத்தின் மனநிலைப் பட்டையில் இன்னும் கடுமையாகப் பதித்திருந்தால், இந்தக் குறையையே விளையாட்டின் பலமாக்கியிருக்கலாம்.

குறைந்த பொருட்செலவில் இயங்கும் சுயாதீனக் குழுக்களுக்கு இந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும். பின்னணி ஓவியங்களைத் தீட்டத் தொடங்கும் முன்னரே, தேர்ந்தெடுத்த கதைக்களம் விளையாட்டின் எந்த விதியை மாற்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்கும்வரை உற்பத்திக்குப் போக வேண்டாம்.