ரெக்கார்டு நோட்டில் இருப்பது யாருடைய ரீடிங்?

ஆண்டு மலர் என்றாலே கவிதையும் கடிஜோக்கும் நிரம்பி வழியும். "நட்பு", "அம்மா", "கல்லூரி வாசல்" என்றெல்லாம் தலைப்புப் போட்டு எழுதித் தள்ள நம் டிபார்ட்மெண்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் செமஸ்டர் முடிந்துவிட்டது. அந்த செமஸ்டரில் என்னதான் படித்தோம் என்று யோசித்துப் பார்த்ததில், ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி நிற்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, கேன்டீனுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

தியரி வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் பெண்டிங் மொமெண்ட் டயகிராம் யாருக்குத்தான் ஏறும்? மெஷின் டிராயிங் பரவாயில்லை. ஸ்க்ரூ ஜாக்கின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றும் புரியாதவன்கூட, அசெம்பிளி வரைந்து முடித்ததும் "அட, இதானா!" என்றான். லேத் ஷாப்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே பொய் சொல்ல வழியில்லை. 25 மி.மீ. கேட்ட இடத்தில் 24.8 வந்தால் மைக்ரோமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். சீவிப் போட்ட இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

பொய் சொல்ல வசதியாக இருக்கும் இடம் லேப்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ரெக்கார்டு நோட்டு.

நடைமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் சீனியர் அண்ணன்களின் நோட்டு கை மாறிக் கை மாறி வரும். அட்டை கிழிந்திருக்கும், நடுப்பக்கத்தில் டீக்கறை இருக்கும். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. எக்ஸ்பெரிமெண்ட் ஒன்றிலிருந்து கடைசி வரை பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. மைல்ட் ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் ஒரு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 2 லட்சம் நியூட்டன் என்று புத்தகம் சொல்கிறது. எல்லா நோட்டிலும் விடை அதுதான். விடை ஒன்றாக இருப்பது நியாயம், இரும்பு ஒன்றுதானே! ஆனால் எக்ஸ்டென்ஸோமீட்டர் ரீடிங் மூன்றாம் தசம ஸ்தானம் வரை எல்லா நோட்டிலும் ஒன்றாக இருப்பது எப்படி? இதற்கும் மேலே ஒரு வித்தை உண்டு. விடையை முதலில் எழுதிவிட்டு, அது வருவதற்கு ரீடிங் என்னவாக இருக்க வேண்டும் என்று கீழிருந்து மேலே கணக்குப் போடுவது. இதைச் செய்பவனுக்குக் கால்குலேஷன் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அந்த மூளையை நேர்வழியில் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு முழுக்க முழுக்க சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு செட்டப்பைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கிறோம். நான்கு பேர் கை வைக்கிறார்கள், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நான்கு பேரும் ஒழுங்காக எடுத்த ரீடிங் புத்தக மதிப்போடு ஒத்துவராவிட்டால் சிவப்பு மையில் "ரிப்பீட்" விழுகிறது. காப்பி அடித்தவன் நோட்டில் பத்துக்குப் பத்து. உண்மையாக அளந்தவனுக்குத் தண்டனை, அளக்காதவனுக்குப் பரிசு! இதைவிடத் தலைகீழான பாடத்தை யாரும் திட்டம் போட்டுக்கூட நடத்த முடியாது.

போன செமஸ்டரில் எங்கள் பேட்சுக்கு ஹைட்ராலிக்ஸ் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். வெஞ்சுரிமீட்டர் எக்ஸ்பெரிமெண்ட். பாதரச மட்ட வித்தியாசத்தை 12.6 ஆல் பெருக்கித் தண்ணீர் ஹெட் ஆக்கி, தியரிப்படி எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று கணக்கிடுகிறோம். டேங்கில் 10 செ.மீ. ஏற எத்தனை விநாடி என்று பார்த்து, நிஜத்தில் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்கிறோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கோயஃபிஷியண்ட் ஆஃப் டிஸ்சார்ஜ். நல்ல வெஞ்சுரியில் 0.95க்கும் 0.98க்கும் நடுவில் வரவேண்டும். எங்களுக்கு வால்வை முழுக்கத் திறந்தபோது 0.88 வந்தது. வால்வைக் குறைக்கக் குறைக்க அதுவும் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் 0.71!

"ஸ்டாப்வாட்சை ஒழுங்கா அமுக்கலைடா" என்று ஒருவன் சொன்னான். "பேசாம பி.டி.எஃப். பார்த்துப் போட்டுடலாம் மச்சி" என்றான் இன்னொருவன். கிணற்றுப் பாசனம் பார்த்து வளர்ந்த நண்பன் ஒருவன் எங்கள் பேட்சில் உண்டு. அவன் மட்டும் ரீடிங் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "கைப்பிசகா இருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது வரிசையா இறங்குது. தண்ணி எங்கியோ ஒழுகுதுடா."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான வாதம்! டேங்கிலிருந்து ஒழுகும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வரத்து அதிகமாக இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. வரத்து குறையும்போது அதே ஒழுக்கு பெரிய பங்கைத் தின்றுவிடும். இன்லெட்டை மூடிவிட்டு, நிறைந்திருந்த டேங்கின் அளவுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. இறங்கிவிட்டது. அடியில் இருந்த டிரெயின் வால்வின் வாஷர் பிய்ந்து, தண்ணீர் நேராக சம்ப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒழுக்கைக் கணக்கில் சேர்த்துப் போட்டதும், 0.88 உம் சரி, 0.71 உம் சரி, இரண்டும் 0.96 பக்கம் வந்து நின்றன. மூன்றாண்டு டிப்ளமோவில் அன்றைக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம் எங்களுக்கு வேறு நாளில் வந்ததில்லை.

விஷயம் அத்தோடு முடியவில்லை. எங்கள் கணக்கைப் பார்த்த சார் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், தட்டிக் கொடுத்தார். பிறகு, "எல்லாம் சரிப்பா, ரெக்கார்டுல மட்டும் 0.97 வர்ற மாதிரி ஃபேர் பண்ணிடுங்க, எக்ஸ்டர்னல் பார்ப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வருடா வருடம் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னால் நின்று பதில் சொல்பவர் அவர்தான். ஆனாலும் இடது பக்கம் ஒழுக்கோடு வந்த ரீடிங், வலது பக்கம் ஒழுக்கைச் சேர்த்த கணக்கு என்று இரண்டையுமே எழுதி நீட்டினோம். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வந்தது.

"சரிடா, ஒரு வாஷருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்களுக்கு வெல்டிங் ஷாப்பிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. டிக் வெல்டிங்கில் உருகும் இடத்தைக் காற்று தொடாமல் காப்பது ஆர்கான். நாம் விடும் மூச்சிலும் இருக்கிறது, காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அது கிடைத்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் லார்டு ராலே என்ற விஞ்ஞானி நைட்ரஜனை எடை போட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் 2.310 கிராம். அதே குடுவையில், ரசாயனப் பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 2.299 கிராம். ஆயிரத்தில் ஐந்து பங்குதான் வித்தியாசம். நம் லேபாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஆவரேஜ் போட்டு "ஃபேர்" பண்ணியிருப்பார்கள்! அவர் 1892 ல் நேச்சர் இதழுக்குக் கடிதமே எழுதினார்: எனக்கு இப்படி வருகிறது, யாருக்காவது காரணம் தெரியுமா என்று. மேலும் சுத்தமாகச் செய்து பார்த்தபோது வித்தியாசம் குறையவில்லை, கூடியது. வில்லியம் ராம்சேயும் அவரும் விடாமல் துரத்தி 1894 ல் ஆர்கானைப் பிடித்தார்கள். 1904 ல் இருவருக்குமே நோபல் பரிசு, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில்.

இதில் என்னை அதிகம் பிடித்து உலுக்கியது நோபல் அல்ல, இன்னொரு பழைய நோட்டு. 1785 லேயே காவெண்டிஷ் என்பவர் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனையெல்லாம் தீர்த்துப் பார்த்திருக்கிறார். எவ்வளவு முயன்றும் ஒரு சின்னக் குமிழி மட்டும் மிச்சம் நின்றது. மொத்தத்தில் 120 ல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று அதையும் எழுதி வைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் எழுதினார். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து அந்தக் குறிப்பு ராலேக்கும் ராம்சேக்கும் கைகொடுத்தது. அந்தக் குமிழிதான் ஆர்கான்.

நாம் யாரும் நோபல் வாங்கப் போவதில்லை. நம்மில் பாதிப் பேர் ஓராண்டு அப்ரண்டிஸாகப் போவோம், சிலர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போவார்கள். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தால் நம் கையெழுத்தை நம்பித்தான் ஒரு ஷாஃப்ட் வண்டிக்குள் போகும். அந்த ஷாஃப்ட்டுக்கு எந்த சீனியரின் பி.டி.எஃப். உம் கிடையாது. வர வேண்டிய அளவு டிராயிங்கிலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து எழுதுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சுலபத்துக்குத்தான் இங்கே மூன்று வருடம் பயிற்சி நடக்கிறது என்பது என் வயிற்றெரிச்சல்.

மாணவர் பேரவைக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஆசிரியர்களிடம் பேசி, ரெக்கார்டு மார்க்கில் ஒரு பகுதியை "ரீடிங் ஏன் விலகியது" என்ற பத்து வரிக்கு வாங்கித் தாருங்கள். சிலபஸை மாற்ற வேண்டியதில்லை, இன்டர்னல் மார்க் நம் கல்லூரிக்குள் போடுவதுதானே! "பசங்க இஷ்டத்துக்குக் காரணம் எழுதுவாங்க" என்பார்கள். எழுதட்டுமே. வைவாவில் இரண்டு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, பி.டி.எஃப். க்குப் பதிலாக ஒவ்வொரு லேபிலும் ஒரு மெஷின் நோட்டு வையுங்கள். எந்த டேங்க் ஒழுகுகிறது, எந்த கேஜ் ஒட்டிக்கொள்கிறது என்று ஒவ்வொரு பேட்சும் தேதி போட்டு எழுதட்டும். சீனியர் ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய உருப்படியான சொத்து அதுதான்.

ஹைட்ராலிக்ஸ் லேபுக்கு முதல் பக்கத்தை எங்கள் பேட்ச் எழுதியாயிற்று. வெஞ்சுரி டேங்க்: டிரெயின் வால்வு வாஷர் மாற்றப்பட்டது, இருந்தாலும் ரீடிங்குக்கு முன் மூன்று நிமிடம் மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கவும். ஆரிஃபைஸ் மீட்டர்: மானோமீட்டரின் இடது குழாயில் காற்றுக் குமிழி தங்கும், வெளியேற்றிவிட்டு ஆரம்பிக்கவும். மூன்றாம் நம்பர் வெர்னியர்: மூடிய நிலையில் 0.04 மி.மீ. பாசிட்டிவ் ஜீரோ எரர், கழிக்கவும். நோட்டு, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மேஜையின் இடது டிராயரில் இருக்கிறது. பேனா மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும், அங்கே இருக்கும் பேனா எழுதாது.