பலியா? கணக்கா?

சதுரங்கம் ஆடுகின்றவர்கள் தங்கள் ராணியையோ யானையையோ வேண்டுமென்றே எதிரி வெட்டும்படி விடுவதைப் "பலி" என்று சொல்லுகின்றார்கள். இந்த வார்த்தை நமக்குப் பிடிக்கவில்லை. கோவில் வாசலில் கடா வெட்டுகின்றவனிடம் "கொடுத்தாயே, என்ன வந்தது?" என்று எவனும் கணக்குக் கேட்பதில்லை. மழை பெய்தால் சாமி கொடுத்தது. பெய்யாவிட்டால் பலி போதவில்லை! சதுரங்கத்திலோ எதிரில் உட்கார்ந்திருக்கின்றவன் அடுத்த நகர்த்தலிலேயே கணக்குக் கேட்டுவிடுகின்றான்.

இன்னும் சிலர், இப்படிக் கொடுத்து ஜெயிப்பது பிறவியிலேயே வந்த வரம் என்கின்றார்கள். இதை நம்பிக்கொண்டு, நமக்கெங்கே அந்த வரம் என்று பலகையைத் தொடாமலே போகின்ற ஏழைப் பிள்ளைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

1851ல் லண்டனில் பந்தயத்திற்கு வெளியே விளையாட்டாக நடந்த ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக் காய்களை ஆடியவர் ஆண்டர்சன் என்கின்ற ஜெர்மானியர். பிரெஸ்லாவ் நகரத்துக் கணக்கு வாத்தியார். எதிரி கீஸரிட்ஸ்கி. வாத்தியார் ஒரு மந்திரியையும், இரண்டு யானைகளையும், கடைசியில் ராணியையும் கொடுத்தார். சிப்பாய்க்கு ஒன்று, மந்திரிக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்கின்ற வழக்கமான மதிப்பில் பார்த்தால் கொடுத்தது 22. வாங்கியதோ மூன்று சிப்பாய்கள்! ஆனாலும் 23வது நகர்த்தலில் கருப்பு ராஜா தப்ப வழியின்றி மாட்டிக்கொண்டார்.

எந்தத் தெய்வம் வந்தது? ஒன்றும் வரவில்லை. யானைகளைத் தின்னப் போன கருப்பு ராணியும் மந்திரியும் பலகையின் அடுத்த கோடியில் நின்றன. ராணி திரும்பிப் பார்க்கும் மூலைவழியை ஒரு வெள்ளைச் சிப்பாய் முன்னேறி அடைத்துவிட்டது. ராஜாவின் பக்கத்துக் கட்டத்தை ஒரு கருப்புக் குதிரை காத்துக்கொண்டிருந்தது. வெள்ளை ராணியை வெட்டுவதற்காக அது இடத்தை விட்டுக் குதித்தது. காவல் இழந்த அந்தக் கட்டத்தில் வெள்ளை மந்திரி வந்து உட்கார்ந்தார். காய்க்கு மதிப்பு அது நிற்கின்ற இடத்திலும் செய்கின்ற வேலையிலும் இருக்கின்றதே தவிர, அதன் பட்டத்தில் இல்லை.

எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணிவிட முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்பீல்மன் என்கின்ற ஆஸ்திரிய ஆட்டக்காரர் 1935ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். லாபம் இன்னதென்று எண்ணிக் கொடுப்பது பொய்ப்பலி, எண்ணி முடியாத நிலையில் துணிந்து கொடுப்பதே மெய்ப்பலி என்று அதில் பிரித்திருக்கின்றார். துணிவும் வேண்டியதுதான், ஆனால் அதுவும் நிலைமையை நிறுத்துப் பார்த்த துணிவாகவே இருக்க வேண்டும்.

லண்டன் ஆட்டத்திற்கு "சாகாத ஆட்டம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்த பின்பும் அதைச் சோதிக்காமல் விடவில்லை. 18வது நகர்த்தலில் வாத்தியார் மந்திரியை வைத்த இடத்தைவிட நல்ல வழிகள் இருந்தன என்றும், அதே இடத்தில் கீஸரிட்ஸ்கி தன் மந்திரியால் ஒரு யானையை வெட்டுவதற்குப் பதில் ராணியால் மூலையிலிருந்த யானையை முதலில் வெட்டியிருந்தால் நன்றாக எதிர்த்து நின்றிருக்கலாம் என்றும் பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கின்றார்கள். பலகை வைத்திருக்கும் தோழர்கள் இன்று ராத்திரியே காய்களை அடுக்கிப் பார்க்கலாம்.