பிள்ளையின் உரிமையா, சந்தையின் ஆட்சியா?

தாய்மொழியில் வாய்திறந்த பிள்ளையை ஒறுக்கும் ஆங்கிலப் பள்ளிகளை நாம் அறிவோம். அப்பிள்ளை செய்த குற்றம் யாது? தாய் ஊட்டிய மொழியைப் பேசியதே!

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிற்று. அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளையின் உடலை வருத்துதலையும் உள்ளத்தை நோகச் செய்தலையும் தடுக்கின்றது. 29-ஆம் பிரிவோ, பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாதல் வேண்டும் என்கின்றது. 'இயன்றவரை' என்னும் அவ்வொரு சொல்லே ஓட்டை. அதன் வழியே ஆங்கில வணிகம் நுழைகின்றது.

முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியையோ கன்னடத்தையோ கட்டாயமாக்கிக் கருநாடக அரசு 1994-இல் ஆணையிட்டது. 2014-இல் உச்ச முறைமன்றம் அதனை வீழ்த்திற்று. பயிற்றுமொழியைத் தெரிவு செய்தல் பிள்ளையின் உரிமை. பிள்ளையின் பொருட்டுப் பெற்றோர் அதனைச் செய்யலாம் என்பது தீர்ப்பு. ஐந்தகவைக் குழந்தை எதனைத் தெரிவு செய்யும்? தெரிவு செய்வோர் பெற்றோர். அவரை உந்துவதோ வேலைச் சந்தை. பெயரளவில் உரிமை பிள்ளைக்கு, ஆட்சி சந்தைக்கு!

ஆதலின் பெற்றோரைப் பழித்துப் பயனில்லை. சந்தையின் போக்கை மாற்றுதலே வழி. தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கிய 2010-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கொரு தொடக்கம். அவ்வொதுக்கீடு உயர்தல் வேண்டும். தமிழ் பேசும் பிள்ளையை ஒறுக்கும் பள்ளிமேல் 17-ஆம் பிரிவு பாய்தல் வேண்டும். 'இயன்றவரை' என்னும் சொல் சட்டத்தினின்று நீங்குதல் வேண்டும்.

தமிழ்ப்பிள்ளை தமிழ்மண்ணில் தாழ்ந்து நிற்பதோ? எழுக தமிழினமே!